உரிமையாளர் பெயர்

நெல்லியடியில் நான் வேலை பார்த்த கால்நடை வைத்திய அலுவலகத்தின் வாசல் படலையில், ஒரு திங்கட்கிழமை காலை, உரப்பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பையின் வாயைக் கட்டுக்கம்பியால் முறுக்கி, மிச்சக் கம்பியாலேயே படலையில் கொழுவிவிட்டிருந்தார்கள். பையின் வாய்க்கு வெளியே ஒரு சின்னக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலையும் சேர்த்துத்தான் கம்பி சுற்றியிருந்தது. நான் அதைத் தொடவில்லை. டொக்டர் வரும்வரை வீதியோரத்தில் நின்றேன். அவர் ஸ்கூட்டரை நிறுத்தி, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், பெட்டியிலிருந்து குறட்டை எடுத்துக் கம்பியை வெட்டினார். உள்ளே ஐந்து நாய்க்குட்டிகள். ஐந்தும் பெட்டை. நான்கு விறைத்துப்போயிருந்தன. கால் அகப்பட்டிருந்த கறுப்புக்குட்டி மட்டும், மூக்கு பையின் வாயோடு ஒட்டிக் கிடந்த காரணத்தால், மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"கால் வெளியிலை நிக்கிறது கட்டினவருக்குத் தெரியாமல் இருந்திராது" என்று மட்டும் சொன்னார் டொக்டர். பிறகு குட்டியைத் தன் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். மற்ற நான்கையும் பின்வளவில் குழி வெட்டித் தாட்டது நான்.

எங்கள் அலுவலகத்தை ஊரில் மாட்டாஸ்பத்திரி என்பார்கள். மாடும் ஆடும் கோழியும்தான் எங்கள் வேலை. ஆனால் ஊருக்கு வேண்டாத நாய்க்குட்டிகளும் எங்கள் படலைக்குத்தான் வந்தன. கடுவன் குட்டிகளை யாரும் கொண்டுவந்து விடுவதில்லை, அவற்றுக்கு எப்படியோ வீடு கிடைத்துவிடும். வருவதெல்லாம் பெட்டைக்குட்டிகளும், சொறி பிடித்தவையும், வெளிநாட்டுக்குப் போனவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் படலைக்கு வெளியே விட்டுப்போன கிழட்டு நாய்களும்தான். பின்பக்கத்தில் பாவனையில்லாமல் கிடந்த கன்றுக்குட்டிக் கொட்டிலில் அவற்றை வைத்து, மருந்து போட்டு, வீடு தேடிக் கொடுப்பதை டொக்டர் தானாக இழுத்துப்போட்டுச் செய்துவந்தார். பிழைக்க வழியில்லாதவற்றை ஊசி போட்டு முடிப்பதும் அவர்தான். அதைக் காலையில், தேநீர் குடிப்பதற்கு முன்னரே செய்துவிடுவார். அந்த நேரம் அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இராது. ஊசி போட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, "அடுத்த ஆளைக் கூப்பிடும்" என்பார்.

அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள் ஊரில் குறைவு. தென்மராட்சியிலிருந்து ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டரில் வருவார். மெலிந்த, உயர்ந்த பெண். சிரித்து நான் அதிகம் கண்டதில்லை. நாய் கேட்டு வருபவர்களிடம் அவர் கதைக்கும் விதத்தைக் கேட்டால், நாய் தருபவர் மாதிரி இராது, வழக்கு விசாரிப்பவர் மாதிரி இருக்கும். வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் நிற்பது, வெளிநாடு போகிற எண்ணம் இருக்கிறதா, சங்கிலி எத்தனை முழம் என்றெல்லாம் கேட்பார். ஒருமுறை ஒரு வங்கி அதிகாரியின் மனைவி, பாவமாக இருக்கிறது, ஒரு குட்டியைத் தாருங்கள் என்று கண் கலங்கி நின்றார். டொக்டர் அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். அன்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

"இரக்கப்பட்டுக் கேக்கிறவைக்கு நான் நாய் குடுக்கிறேல்லை. இரக்கம் ரெண்டு கிழமைதான் நிக்கும். பேந்து நாய் மட்டும்தான் நிக்கும்."

கொடுத்த வீடுகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பார். ஒரு பள்ளிக்கூட அதிபரின் வீட்டில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழச் சங்கிலியில் நாயைக் கட்டியிருந்தார்கள். ஊரே பார்க்க அந்தச் சங்கிலியைக் கழற்றி அதிபரின் கையில் கொடுத்துவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். கனடாவுக்குப் போன ஒரு குடும்பத்தின் தொலைபேசி இலக்கத்தை அயலவரிடம் வாங்கி, "உங்கடை படலையடியிலை ஒருத்தர் ஒரு மாசமா உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறார், என்ன சொல்லிவிட?" என்று கேட்டார். மறுமுனையில் அழுகைச் சத்தம் வர, அவர் அழைப்பைத் துண்டித்தார். அந்த நாய் பூட்டிய படலையை விட்டு நகர மறுத்தது. அதே ஒழுங்கையில் சைக்கிள் திருத்தும் ஒருவர் பின்னேரங்களில் போய் அதற்குப் பக்கத்தில் சும்மா குந்தியிருப்பார். மூன்று மாதம் அப்படி இருந்தார். ஒருநாள் அது எழுந்து அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் நடந்து போனது. சாகும்வரை அவர் கடையில்தான் கிடந்தது. டொக்டர் விசாரிக்காமல் நாயைக் கொடுத்தது எனக்குத் தெரிய அந்த மனிதருக்குத்தான்.

விசாரிக்காமல் கொடுத்தது இன்னொருவருக்கும். அது எனக்கு.

கம்பி இறுக்கிய கால் ஆறியபோது, அந்தக் கறுப்புக்குட்டியின் முன்காலைச் சுற்றி மயிர் முளைக்காத ஒரு வளையம் விழுந்திருந்தது. காப்புப் போட்ட மாதிரி இருந்தது. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தவள் அதற்கு மின்னி என்று பெயர் வைத்துவிட்டாள். அதை எங்கள் வீட்டுக்குத் தாருங்கள் என்று நான் கேட்டேன். டொக்டர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். ஏழு மாதத்தில் கருத்தடை ஒப்பரேசனுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையைத்தான் சொன்னார். "மற்ற ஆக்களின்ரை வீட்டை போய்ப் பாப்பன். உம்மடை வீட்டை வரமாட்டன். நீர் எல்லாம் கண்ணாலை கண்டனீர்" என்றார். அவர் என்மேல் வைத்த நம்பிக்கையை வாய்விட்டுச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

மின்னி நல்ல நாய். எந்த நாயைத்தான் கெட்ட நாய் என்று சொல்வது? ஆனாலும் அது நல்ல நாய். பள்ளிக்கூட வான் வரும் நேரம் ஒழுங்கை முகப்பில் போய் நிற்கும். மகளின் தண்ணீர்ப் போத்தலின் பட்டியைக் கவ்விக்கொண்டு அவளுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடி வரும். என் கணவருக்கு முதலில் அதைப் பிடிக்கவில்லை, பிறகு தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து மீன்தலையை எடுத்துப் போடும் அளவுக்கு வந்தார். ஏழு மாதம் கழிந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் நான் ஒப்பரேசன் செய்யும் இடத்துக்குத்தான் போனேன். அதைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியது மட்டும்தான் என் வேலை. அந்த மாதம் வீட்டுக்கு மாபிள் பதித்துக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் மகளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த மாதம் என்ன காரணம் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. டொக்டர் இரண்டு முறை கேட்டார். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்றேன். அவர் என்னை நம்பினார்.

நாய்க்கு வயிறு வைத்தது. லண்டனிலிருந்து கணவரின் தங்கை குடும்பத்தோடு வருவதற்கு ஒரு மாதம் இருக்கையில், புதிதாகப் பதித்த மாபிளின் மேல், அது நான்கு குட்டி போட்டது. அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் டொக்டருக்கு முன்னால் வைத்திருக்கலாம். ஏசியிருப்பார், ஆனால் வீடு தேடித் தந்திருப்பார். அவருடைய ஏச்சைக்கூட நான் தாங்கியிருப்பேன். ஏசுவதற்கு முன்னால் அவர் என்னைப் பார்க்கப்போகும் அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன். நான் கண்ட கொடுமைகள் பலவற்றின் அடியில் பெரிய வன்மம் எதுவும் இருந்ததில்லை. ஒருவருடைய முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூசும் கோழைத்தனம்தான் இருந்தது. அன்று படலையில் பையைக் கொழுவிவிட்டுப் போனவரும் விடியுமுன் வந்து போயிருந்தார். அவருக்கும் டொக்டரின் முகத்தைப் பார்க்க விருப்பமில்லைத்தான்.

தங்கை வருவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பருத்தித்துறை மீன் சந்தையடியில் விட்டால் சாப்பாட்டுக்குக் குறை இராது என்று கணவர் சொன்னார். தாயையும் குட்டிகளையும் ஒன்றாக விட்டால் பாவமில்லை என்று நான் சொன்னேன். அன்று மத்தியானம் மின்னிக்குச் சோற்றில் மீன் பிசைந்து வைத்தேன். மகள் ரியூசனுக்குப் போயிருந்தாள். கணவர் நண்பர் ஒருவரின் ஓட்டோவைக் கேட்டு வாங்கி வந்தார். மின்னிக்கு ஓட்டோ என்றால் விருப்பம். கூப்பிடாமலே ஏறி இருந்துகொண்டது. குட்டிகள் இருந்த பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது நான். அது என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. குட்டிகளை மறக்காமல் தந்துவிட்டேன் என்ற நன்றி அது என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

கணவர் திரும்பி வந்து, கிணற்றடியில் கை கழுவியபடி, அது பருத்தித்துறை ஆஸ்பத்திரி வளைவு வரைக்கும் ஓட்டோவுக்குப் பின்னால் ஓடி வந்தது என்றார். பிறகு, குட்டிகளை நினைத்தோ என்னவோ, நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. மகளிடம், மின்னி குட்டிகளையும் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டது என்றேன். ஒரு கிழமை அவள் ஒழுங்கை ஒழுங்கையாகக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாள். நானும் அவளோடு போய்க் கூப்பிட்டேன்.

டொக்டர் கேட்டபோது, வாகனம் அடித்துவிட்டது என்றேன்.

"எங்கை தாட்டனீர்?"

"வளவுக்குள்ளை."

"எந்த இடத்திலை?"

"முருங்கையடியிலை" என்றேன். அவர் என் தோளைத் தொட்டார். அவர் யாரையும் தொட்டு ஆறுதல் சொல்லி நான் கண்டதில்லை.

ஆறேழு கிழமைக்குப் பிறகு, பருத்தித்துறையில் நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போடும் வேலைக்கு எங்களையும் உதவிக்குக் கூப்பிட்டார்கள். மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மர நிழலில் மேசை போட்டோம். டொக்டர் ஊசி போட, நான் நாயைப் பிடித்துக்கொடுத்து, அட்டையும் எழுதுவேன். இத்தனை நாளில் மின்னி செத்திருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

வெயில் ஏறிய நேரம், சந்தைக்குள் மீன் வெட்டும் ஒரு பெண், உடம்பெல்லாம் செதில் ஒட்டியபடி, நைலோன் கயிற்றில் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். முதுகில் பாதி தோல் உரிந்து சிவந்த நாய். எலும்பு எண்ணலாம். எனக்கு அது மின்னி என்று தெரியவில்லை. அதற்கு என்னைத் தெரிந்தது. கயிற்றை இழுத்துப் பறித்துக்கொண்டு என்மேல் பாய்ந்தது. ஊளையும் அழுகையுமாக ஒரு சத்தம் போட்டுக்கொண்டு என் கையை, கழுத்தை, முகத்தை நக்கியது. காலடியில் மூத்திரம் போய், அதிலேயே உருண்டு, திரும்பவும் எழுந்து என் இடுப்பில் காலை வைத்து நின்றது. முன்காலில் அந்த வளையம்.

டொக்டர் ஊசியைக் கையில் பிடித்தபடி வளையத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம், இது எப்படி உங்களிடம் வந்தது என்று கேட்டார். அவர் சொன்னார். யாரோ ஓட்டோவில் கொண்டுவந்து தாயும் நாலு குட்டியுமாக இறக்கிவிட்டுப் போனார்களாம். இரண்டு குட்டி அன்றைக்கே மீன் லொறியின் சில்லுக்குள் அகப்பட்டுப் போய்விட்டன. மூன்றாவது மழையில் செத்தது. ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் போய்த் தாய் நின்றதற்கு, சுடுதண்ணியை ஊற்றிவிட்டார்கள். தோல் வெந்த நாயைச் சாக்கில் போட்டுத் தூக்கிப்போய் வீட்டில் வைத்து, மிஞ்சிய ஒரு குட்டியையும் அதன் மடியில் விட்டு, இத்தனை நாளும் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் பூசி வருவதாகச் சொன்னார். ஆட்கள் கிட்டப் போனாலே நடுங்குமாம். "இண்டைக்குத்தான் இது ஒராளிலை இப்பிடிப் பாயக் காணுறன்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உங்களுக்கு இதை முந்தித் தெரியுமோ?"

"இல்லை" என்றேன்.

நாய் என் கையை நக்கிக்கொண்டிருந்தது.

"பிடியும்" என்றார் டொக்டர். நான் குனிந்து அதன் கழுத்தை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். அசையாமல் நின்றது. ஊசி ஏறும்போது வழக்கமாக நாய்கள் முனகும். அது முனகவில்லை. "அட்டையை எழுதும்" என்றார். நிறம், கறுப்பு. பால், பெட்டை. அடுத்த கோட்டில் என் பேனை நின்றது. டொக்டர் அதை உரக்க வாசித்தார்: "உரிமையாளர் பெயர்." பிறகு, "ஆரின்ரை பெயர் எண்டு கேட்டு எழுதும்" என்றார். நான் அந்தப் பெண்ணிடம் பெயரைக் கேட்டேன். அவர் சொல்ல எழுதினேன். என் எழுத்து நல்ல வடிவான எழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றும் வடிவாகத்தான் எழுதினேன்.

கயிற்றைப் பிடித்து இழுத்தபோதும் அது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. வேலை முடிந்து வந்து அலுவலகத்தில் இறங்கும்போது டொக்டர், "இனி நீர் மாட்டுப் பக்கம் பாரும். நாய் பிடிக்க நான் வேறை ஆளைப் பாக்கிறன்" என்றார். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம். லீவு கேட்டால் தந்தார். காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போகச் சொன்னார். நாய்க் கொட்டிலுக்குள் மட்டும் என்னை விடவில்லை.

இரண்டு கிழமை கழித்து, மீன் வெட்டும் அந்த அக்கா, டொக்டர் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு முன்பே, பருத்தித்துறையிலிருந்து ஓட்டோ பிடித்து, நாயை மடியில் வைத்துக்கொண்டு கருத்தடை ஒப்பரேசனுக்கு வந்து இறங்கினார். அன்றைய சந்தையை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் மாட்டுக் கொட்டகைக்குள் நின்றுகொண்டேன். ஒப்பரேசன் அறைக் கதவுக்கு வெளியே நிலத்தில் குந்தியிருந்து அவர் செபமாலை உருட்டுவது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறந்து பூட்டிய எனக்கு ஏழு மாதத்தில் முடியாமல் போன வேலை அது.

இந்த வருடம் டொக்டர் ஓய்வு பெற்றார். பிரியாவிடைக்கு மகளும் வந்தாள். இப்போது அவளுக்குப் பதினெட்டு. மாலை போட்டு, படம் எடுத்து முடிந்த பிறகு, அவள் டொக்டரிடம் போய், தான் சின்ன வயதில் ஒரு நாய் வைத்திருந்ததாகவும், அது எங்கோ போய்விட்டதாகவும், அதை ஞாபகம் இருக்கிறதா என்றும் கேட்டாள். சிற்றுண்டித் தட்டோடு நான் பக்கத்தில் நின்றேன்.

"ஞாபகம் இருக்கு. அதுக்கு நல்ல வீடு கிடைச்சுது" என்றார் டொக்டர். மகளின் முகம் மலர்ந்தது. எங்கே, யார் வீடு என்று கேட்டாள். டொக்டர் முதல்முறையாக, அந்த மர நிழலுக்குப் பிறகு முதல்முறையாக, என்னை நேரே பார்த்தார். "மிச்சத்தை அம்மாவிட்டைக் கேளும், பிள்ளை" என்றார்.

அன்று பின்னேரம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைத் தூக்கிக் கொடுத்ததை, அவளோடு சேர்ந்து ஒழுங்கைகளில் கூப்பிட்டதை, "இல்லை" என்றதை. அவள் அழவில்லை. நான் கூப்பிட்டதைத்தான் இரண்டாம் முறை கேட்டாள். "நீங்களும் கூப்பிட்டனீங்கள், என்னம்மா?" என்றாள். ஓம் என்றேன். அடுத்த ஞாயிறு பருத்தித்துறைக்கு பஸ் ஏறினோம். அவள் எனக்கு முன் சீற்றில் தனியாக இருந்தாள்.

அந்த அக்காவின் வீடு கடலோரம். மணல் முற்றத்தில் நாய் படுத்திருந்தது. மூஞ்சி முழுக்க நரை. இரண்டு கண்ணும் பால் மாதிரி வெளுத்திருந்தன. முதுகில் வெந்த இடம் வழுவழுப்பாக மினுங்கியது. மகள், "மின்னி" என்றாள். அது அசையவில்லை. "ராசாத்தி எண்டு கூப்பிடுங்கோ பிள்ளை, எழும்புவாள். கண் தெரியாது. ஆக்களை மணத்திலைதான் பிடிப்பாள்" என்றார் அக்கா. கூப்பிட்டதும் எழுந்து வந்தது. மகளின் கையை மணந்தது. பிறகு என் கையை. கன நேரம் மணந்தது. அது திரும்பி நடந்து, அக்காவின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. "புது ஆக்களெண்டால் உப்பிடித்தான்" என்று அவர் எங்களைச் சமாதானப்படுத்தினார்.

மகள் மணலில் நாயின் பக்கத்தில் போய் இருந்தாள். அவளுக்கும் கேட்கும்படிதான் நான் சொன்னேன்.

"அண்டைக்கு ஊசி போட வந்த இடத்திலை நான் பொய் சொன்னனான், அக்கா. இது எங்கடை நாய். நாங்கள்தான் கொண்டுவந்து விட்டது."

அவர் நாயின் காதிலிருந்து உண்ணி ஒன்றைப் பிடுங்கி எறிந்தார்.

"தெரியும். இவள் உங்களிலை பாஞ்ச பாய்ச்சலிலையே தெரியும்."

"பிறகேன் கேட்டனீங்கள்?"

"ஓம் எண்டு சொல்லிப்போடுவீங்களோ எண்ட பயத்திலைதான். ஓம் எண்டால் கயித்தை உங்கடை கையிலை தரவேணுமெல்லோ. ரெண்டு கிழமையா நான் நித்திரை இல்லாமல் பாத்த சீவன். நீங்கள் இல்லை எண்டு சொன்ன பிறகுதான், மாதாவே, எனக்கு உயிர் வந்தது." பிறகு என் முகத்தைப் பார்த்து, "இண்டைக்கும் இவளைக் கேட்டு வரேல்லைத்தானே?" என்றார்.

"இல்லை, அக்கா."

அதற்குப் பிறகுதான் அவர் எங்களுக்குத் தேத்தண்ணி வைக்க எழுந்தார். நாயும் எழுந்து, சுவரோடு உரசி உரசி வழி பிடித்து, அவருக்குப் பின்னால் குசினிக்குள் போனது.